முதல் செயலி

நுழையும்முன்

2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை திறக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 500 செயலிகளே இருந்தன. ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட முதல் பேசியும் அதே ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. இன்றோ, செயலியைப் பயன்படுத்தாமல் ஒரு நாளைக் கழிப்பது அரிது. பயன்படுத்துவோர் உருவாக்குவோராகவும் ஆகலாம். அவ்வாறு ஆக முனையும் தமிழ் மாணவர் ஒருவர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல், எழுத்திலக்கணத்தில் இருக்கக்கூடும் என்பதை இப்பாடம் காட்டுகிறது.

தாளில் தொடங்குதல்

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்றாம் வகுப்பில் படிக்கும் தன் தம்பிக்காகச் சொல் விளையாட்டுச் செயலி ஒன்றை உருவாக்க விரும்புகிறாள் என்க. திரையில் ஒரு குறிப்பு தோன்றும். அதன்கீழ், மறைந்துள்ள சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளனவோ அத்தனை கட்டங்கள் தோன்றும். தம்பி விடையை எழுதிப் பொத்தானை அழுத்தவேண்டும். செயலியின் பணி அவ்வளவே.

கணினியைத் திறக்கும் முன்னரே அவள் செய்யவேண்டிய பணி பெரிது. ஒரு தாளில் பேசித்திரையின் அளவுக்குக் கட்டம் வரைந்து, குறிப்பு எங்கே, கட்டங்கள் எங்கே, விடை எழுதும் இடம் எங்கே, பொத்தான் எங்கே என்று அவள் குறித்துக்கொள்கிறாள். பிறகு வினாக்கள் எழுகின்றன. ஒன்றும் எழுதாமலேயே தம்பி பொத்தானை அழுத்தினால் செயலி என்ன சொல்லவேண்டும்? மூன்று முறை தவறினால் விடையைக் காட்டிவிடலாமா? சொற்கள் தீர்ந்தபின் திரையில் என்ன இருக்கும்? நிரல் என்பது பெரும்பாலும் இத்தகைய வினாக்களுக்கான விடைகளே. தாளில் விடை காணாதவற்றைக் கணினியும் தானாகக் கண்டு தராது.

முதல் முயற்சியிலேயே கடவுச்சொல், குழு உரையாடல், மதிப்பெண் வரிசை என அனைத்தையும் சேர்க்க நினைப்போர் பலர். அவர்களுடைய செயலிகளுள் பெரும்பாலானவை சில நாள்களிலேயே பாதியில் நின்றுவிடுகின்றன. மாணவி பத்துச் சொற்களோடு நிறுத்திக்கொண்டது அவளுடைய நல்ல முடிவுகளுள் ஒன்று.

கருவி

ஆண்ட்ராய்டு செயலிகளைத் தொழில்முறையில் உருவாக்குவோர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் மென்பொருளில் கோட்லின், ஜாவா ஆகிய நிரல்மொழிகளைப் பயன்படுத்துகின்றனர். இரண்டும் தீவுகளின் பெயர்களாக அமைந்தது சுவையான ஒற்றுமை. ஆனால் அம்மென்பொருள் தடையின்றி இயங்கக் கணினியில் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும், அது எல்லா வீடுகளிலும் இராது. தொடங்குவோர்க்கு ஆப் இன்வென்ட்டர் என்னும் கருவி எளியது. 2010இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட இக்கருவியை 2012 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நடத்திவருகிறது. கட்டணம் இல்லை, இணைய உலாவி இருந்தால் போதும்.

இதில் வேலை இரு பகுதிகளாக நடைபெறும். ஒரு பகுதியில், தாளில் வரைந்த பொத்தான், எழுத்துப்பெட்டி முதலியவற்றைத் திரையில் இழுத்து வைத்தல். மற்றொன்றில், அவை ஒவ்வொன்றும் எப்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லுதல். கட்டளைகளைத் தட்டெழுத வேண்டுவதில்லை. வண்ணத் துண்டுகளாக உள்ள கட்டளைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகும். பொருந்தாத இரு துண்டுகள் சேரா. அதனால் எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இல்லை. கருத்துப்பிழையை மட்டும் எந்தக் கருவியாலும் தடுக்க இயலாது.

தும்பிக்கு எத்தனை எழுத்து?

மாணவி இட்ட முதற்சொல் 'தும்பி'. சொல்லின் நீளத்தைத் தரும் கட்டளை அக்கருவியில் ஆயத்தமாகவே உள்ளது. அதைக் கொண்டு கட்டங்களை வரையச்செய்து, பேசியைத் தம்பியிடம் கொடுத்தாள். திரையில் ஆறு கட்டங்கள் தோன்றின. பூவில் தேன் அருந்தும் ஆறெழுத்து உயிரி எதுவென்று நெடுநேரம் எண்ணிப்பார்த்த சிறுவன், "எனக்குத் தெரியல அக்கா" என்று பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். விடை அவனுக்குத் தெரியாததன்று. செயலி அவனைத் தவறான வழியில் செலுத்தியது.

கணினி ஏன் ஆறு என்றது? உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் முறை ஒருங்குறி எனப்படும். அதில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரம் ஏறிய உயிர்மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. 'க' என்பதன் எண் 2965. புள்ளியின் எண் 3021. எனவே 'க்' என்னும் ஒரெழுத்து, கணினிக்கு 2965, 3021 என்னும் ஈரெண்களாகிறது. 'தும்பி' என்பது த, உகரக்குறி, ம, புள்ளி, ப, இகரக்குறி என ஆறாகிறது. 'தமிழ்' என்னும் சொல்லையே கணினி ஐந்து என்றுதான் எண்ணும்.

மெய்யும் அகரமும் சேர்ந்தால் உயிர்மெய் பிறக்கும் என்பது ஒலிநிலையில் இலக்கணம் கூறுவது. கணினியோ உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியைச் சேர்த்து மெய்யை உண்டாக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மெய் புள்ளியோடு நிற்பது இயல்பு என்றும், புள்ளி இல்லாத வடிவம் அகரத்தோடு ஒலிக்கும் என்றும் தொல்காப்பிய நூன்மரபு வரிவடிவத்தைப் பற்றிக் கூறுகிறது. ஒருங்குறி பின்பற்றுவது ஒலியை அன்று, வரிவடிவத்தை. இது விளங்கியவுடன் சிக்கல் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அவள் மீண்டும் தாளை எடுத்தாள். தனித்து எழுத்தாகாமல் பிறிதோர் எழுத்தைச் சார்ந்தே வருபவை எவை? ஆகாரம் முதல் ஔகாரம் வரையுள்ள 11 உயிர்களுக்குரிய துணைக்குறிகள்; அவற்றோடு புள்ளி. அகரத்துக்குத் துணைக்குறி இல்லை. ஆக மொத்தம் 12. சொல்லை ஒவ்வோர் எண்ணாகப் படித்து, இந்தப் பன்னிரண்டுள் ஒன்று வந்தால் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடவேண்டும். சில கட்டளைத் துண்டுகளில் அடங்கிவிடும் இந்தத் திருத்தத்துக்குப்பின் 'தும்பி'க்கு மூன்று கட்டங்கள் தோன்றின.

சரியான விடை தவறாகும்போது

மறுநாள் புதிய குறை ஒன்று தெரியவந்தது. தம்பி 'தும்பி' என்றே எழுதினான். செயலி 'தவறு' என்றது. எழுத்து எழுத்தாகப் பார்த்தும் பிழை புலப்படவில்லை. பேசியின் விசைப்பலகை பரிந்துரைத்த சொல்லை அவன் தொட்டதும், சொல்லுக்குப்பின் ஓர் இடைவெளியையும் அது சேர்த்திருந்தது. மனிதக் கண்ணுக்கு அது வெற்றிடம். கணினிக்கு அதுவும் ஓர் எண். விடையின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கியபிறகே ஒப்பிடவேண்டும்.

'கொன்றை' இதனினும் நுட்பமான தொல்லை தந்தது. 'கொ' என்பதை, ஒகரக்குறியை ஒரே எண்ணாகக் கொண்டும் எழுதலாம்; கொம்பும் காலும் இரண்டு எண்களாகக் கொண்டும் எழுதலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமம். திரையிலும் வேறுபாடு தோன்றாது. எண்களை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது இதற்குத் தீர்வு. பெயர்ப்பட்டியலில் கண்முன் இருக்கும் தமிழ்ப் பெயரைத் தேடினால் 'இல்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உருவாக்கியவரின் கைகள் தம் செயலியை எப்போதும் முறையாகவே இயக்கும். எங்கே அழுத்தவேண்டும் என்பதை அவை அறியும். ஆதலால் குறைகள் அவரிடம் வெளிப்படுவது அரிது. மாணவி தம்பியின் அருகில் வாய் திறவாமல் அமர்ந்து, அவன் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டாள். 'சரிபார்' என்னும் பொத்தானை அவன் இருமுறை தேடினான். விசைப்பலகை மேலெழுந்து அதை மறைத்துவிட்டது. பொத்தான் திரையின் மேற்பகுதிக்குச் சென்றது.

கூகுளின் செயலிக் கடையில் வெளியிட ஒருமுறை 25 டாலர் கட்டவேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர் தம் செயலியைக் குறைந்தது 12 பேரிடம் கொடுத்து, தொடர்ந்து 14 நாள்கள் சோதிக்கச்செய்தல் வேண்டும் என்பதும் விதி. தம்பிக்கு அது தேவைப்படவில்லை. நிரலை ஒரே கோப்பாக்கி வீட்டிலுள்ள பேசியில் நேரடியாக நிறுவிக்கொள்ள அக்கருவியே வழிசெய்கிறது. பத்துச் சொற்களையும் இரண்டு நாளில் முடித்த சிறுவன், "குறில் எத்தனை, நெடில் எத்தனைன்னும் காட்டுமா, அக்கா?" என்று கேட்டான். மாணவி தாளை எடுத்து, துணைக்குறிகள் பதினொன்றையும் இரு பிரிவாக எழுதத் தொடங்கினாள்.