அத்தோ வண்டி தரும் பாடம்

பர்மாவில் 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. தமிழர் பலர் வெறுங்கையுடன் முன்னோர் மண்ணுக்குத் திரும்பினர். கையில் முதல் இல்லை, கைப்பக்குவம் இருந்தது. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ, மொய்ங்கா வியாபாரம் பிறந்தது இப்படித்தான்.

வணிகர்களாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பண்டம் புதிது, ஆனால் புளி, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், கடலைமாவு, வாழைத்தண்டு யாவும் உள்ளூர்ச் சரக்கே. பண்டங்கள் சில என்பதால் மிச்சம் விழுவது குறைவு. விற்பனை ரொக்கம், அன்றன்றே பாக்கி அடைக்கலாம்.

ஊர் திரும்பி உணவுக்கடை வைப்பவர் நம்மிடம் கடன் கேட்டால், கடையின் அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம், இம்மூன்றையும் பார்ப்போம். தேறினால் ஒரு வாரச் சரக்கைத் துணிந்து கொடுப்போம்.