பிள்ளையிடம் கனடா போகுமுன்: காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்போம்



காணி பூமியை விட்டு இடம்பெயர்ந்து பேராதனை, கண்டிப் பக்கம் வந்து வாழும் நம்மில் சிலருடைய பிள்ளைகள் இன்று கனடாவில் இருக்கிறார்கள். "அம்மா, வந்து எங்களோடு இருங்கோ" என்று அழைக்கிறார்கள். அப்படிப் புறப்படும் ஒரு தாயை மனதில் வைத்து இந்தப் பாடத்தைப் படிப்போம். அவருக்கு வயது 66. சலரோகமும் பிரஷரும் உண்டு. மாதாமாதம் பேராதனைப் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறார். அங்கே யாரும் அவரிடம் காசு கேட்பதில்லை. கனடாவில் நிலைமை வேறு. அங்குள்ள அரசாங்க வைத்திய உதவி, பெற்றோர் விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. அவர்களுக்கு உள்ள ஒரே காவல் காப்புறுதிதான்.

1. கனடா அரசு கேட்பது என்ன?

பெற்றோரும் பாட்டன் பாட்டியும் பிள்ளைகளோடு நீண்டகாலம் தங்குவதற்கான சுப்பர் விசாவைக் கனடா 2011 டிசம்பரில் தொடங்கியது. 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் 5 வருடம் வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளையின் வருமானம், வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றோடு காப்புறுதியும் கட்டாயம். அந்தக் காப்புறுதி,

- குறைந்தது 1,00,000 கனடா டொலருக்கு இருக்கவேண்டும்;
- கனடாவுக்குள் போகும் நாளிலிருந்து ஒரு வருடமாவது செல்லவேண்டும்;
- வைத்தியச் செலவு, வைத்தியசாலையில் தங்கும் செலவு, நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகிய மூன்றையும் தாங்கவேண்டும்;
- காசு கட்டி எடுத்ததாக இருக்கவேண்டும். முற்பணம் கட்டி மீதியைத் தவணையில் கட்டலாம். "இவ்வளவு செலவாகும்" என்ற விலைக் கடிதத்தை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

முன்பு கனடாக் கம்பனியின் காப்புறுதியை மட்டுமே ஏற்றார்கள். 2025 ஜனவரி முதல், கனடாவின் நிதி மேற்பார்வை அலுவலகம் அனுமதித்த வெளிநாட்டுக் கம்பனிகளின் காப்புறுதியையும் ஏற்கிறார்கள். இலங்கையில் உள்ள எந்தக் கம்பனியிலும் எடுக்கலாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. அந்த அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

2. விசா கிடைத்தால் போதுமா?

போதாது. இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். விசா அதிகாரி பார்ப்பது தொகையையும் காலத்தையும். உங்கள் பழைய வருத்தத்துக்குக் கம்பனி காசு தருமா என்பது வேறு கேள்வி.

பயிர்க் காப்புறுதி நமக்குத் தெரியும். எந்த அழிவுக்கு நட்டஈடு என்று பத்திரத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் தருவார்கள். வயல் அழிந்தது என்பதால் மட்டும் காசு வராது. இதுவும் அப்படியே.

பல பத்திரங்களில் "நிலையான காலம்" என்று ஒரு நிபந்தனை உண்டு. 90 நாள், 120 நாள், 180 நாள் என்று கம்பனிக்குக் கம்பனி மாறும். காப்புறுதி தொடங்குமுன் அத்தனை நாளும் உங்கள் வருத்தம் மாறாமல் இருந்திருக்கவேண்டும். மருந்தின் அளவைக் கூட்டினாலும், குறைத்தாலும், புதுக் குளிசை தந்தாலும் "மாற்றம்" என்றே பெரும்பாலும் கணக்கெடுப்பார்கள்.

நமது தாய் ஜூன் முதலாம் திகதி போகிறார் என்று வைப்போம். மார்ச் மாதக் கிளினிக்கில் பிரஷர்க் குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். பத்திரம் 180 நாள் கேட்கிறது. கனடாவில் பிரஷரினால் வருத்தம் வந்து வைத்தியசாலையில் கிடந்தால், கம்பனி கைவிரிக்கலாம். அந்தக் கடன் முழுவதும் பிள்ளையின் தலையில் விழும்.

இதற்காக வைத்தியர் தரும் புது மருந்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது உயிரோடு விளையாடுவதாகும். பயணத்தைச் சற்றுத் தள்ளிப் போடலாம். அல்லது குறைந்த நாள் கேட்கும் பத்திரத்தை, கூடிய காசு கொடுத்தாவது எடுக்கலாம்.

3. வருத்தத்தை மறைக்கலாமா?

பிள்ளை கவலைப்படும் என்று தாய் தன் வருத்தத்தைச் சொல்வதில்லை. பிள்ளையும் தாயைக் கேளாமல் "வருத்தம் இல்லை" என்று படிவத்தை நிரப்பி அனுப்பிவிடும். இரண்டும் அன்பினால் நடப்பவை. ஆனால் காசு கேட்கும் வேளையில் கம்பனி பழைய வைத்தியப் பதிவுகளை வரவழைத்துப் பார்க்கும். பொய்யான பதில் இருந்தால் பத்திரமே செல்லாமல் போகலாம்.

ஆகவே கிளினிக் கொப்பியை எடுத்து, கடந்த ஒரு வருடத்துப் பக்கங்களைப் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்தே படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

4. காசு கட்டுமுன் கேட்கவேண்டியவை

- எனது சலரோகமும் பிரஷரும் இதில் அடங்குமா? எத்தனை நாள் நிலையான காலம்?
- வருத்தம் வந்தால் முதலில் நாங்கள் கையால் கட்டவேண்டிய தொகை எவ்வளவு?
- விசா கிடைக்காவிட்டால் கட்டிய காசு திரும்ப வருமா? இடையில் ஊர் திரும்பினால் மீதி வருமா?
- அவசரத்துக்கு எந்தத் தொலைபேசி இலக்கத்தை அழைக்கவேண்டும்?

இப்படியான காப்புறுதி அவசர வருத்தத்துக்கு உரியது. மாதாந்தக் குளிசைக்கும் வழமையான பரிசோதனைக்கும் பொதுவாகக் காசு தராது. போதிய மருந்தையும் வைத்தியரின் துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பத்திரத்தின் பிரதியைக் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் கேட்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் தங்கினால், காலம் முடியுமுன்னே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். கடைசியாக மருந்து மாறியது எப்போது?
2. வைத்தியப் பரிசோதனையில் சித்தியடைந்தவருக்கும் காப்புறுதிக் காசு கிடைக்காமல் போகலாம். ஏன்?
3. வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் உங்கள் வருத்தத்தை முழுமையாகச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால், எது உங்களைத் தடுக்கிறது?