மண்டை ஓட்டில் விரிசல்: வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பெரியகுளத்துக்கும் வண்டிகள் பிரியும் ஊர் நமது வத்தலக்குண்டு. பைக்கில் சறுக்கி விழுவது, தென்னை மரத்திலிருந்து தவறுவது, குழந்தை மாடிப்படியில் உருள்வது எல்லாம் நாம் பார்ப்பவைதான். "ரத்தம் வரவில்லை, நன்றாகத்தான் பேசுகிறான், கொஞ்சம் தூங்கட்டும்" என்று படுக்க வைத்துவிடுகிறோம். சில நேரம் அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடுகிறது.

விரிசலின் வகைகள்

மண்டை ஓட்டில் கோடு போல விழும் விரிசலே அதிகம். உள்ளே ரத்தக் கசிவு இல்லையென்றால் அது பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல் தானாகவே கூடிவிடும். கல்லோ கட்டையோ பட்டு எலும்பு உள்ளே குழிந்து போவது இரண்டாவது வகை. மூன்றாவது, மண்டையின் அடித்தளத்தில் ஏற்படும் முறிவு. இதில் வெளியே காயமே தெரியாமல் இருக்கலாம். எந்த முறிவானாலும் மேலே தோல் கிழிந்திருந்தால் கிருமி உள்ளே போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

ஏமாற்றும் இடைவெளி

உண்மையான ஆபத்து எலும்பில் இல்லை. எலும்புக்கு உள்ளே இருக்கிறது. நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதை ஒட்டி உட்புறம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். அதுவரை ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், தேநீர் கூடக் குடிப்பார். சில மணி நேரத்தில் மயங்கிவிடுவார்.

2009 மார்ச் 16 அன்று நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. எழுந்து சிரித்துப் பேசினார். மருத்துவ உதவி வேண்டாம் என்றார். பிறகு தலைவலி வந்தது. மார்ச் 18 அன்று இறந்துபோனார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ஏற்பட்ட ரத்தக் கசிவே காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- சிறிது நேரமாவது நினைவு தப்பியது, நடந்தது ஞாபகம் இல்லாதது
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
- வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம்
- எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம்
- இரு கண்ணின் கருமணிகளும் ஒரே அளவில் இல்லாதது
- மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற நீரோ ரத்தமோ வடிவது
- இரு கண்களைச் சுற்றியும் அல்லது காதுக்குப் பின்னால் கன்றிப்போன நிறம் (இது ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம்)

வயதானவர்கள், கைக்குழந்தைகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அடி சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காதிலோ மூக்கிலோ பஞ்சு அடைக்காதீர்கள். கழுத்தும் முறிந்திருக்கலாம், ஆகவே கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மூடிப் பிடியுங்கள். குழிந்த இடத்தை மட்டும் அழுத்த வேண்டாம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைவது ஆகிய மூன்றையும் பார்த்து மருத்துவர் 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார். இது 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த முறை. 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைமை கடுமை. அடுத்து சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் தெரியலாம். உள்ளே உள்ள ரத்தக் கசிவு தெரியாது. எனவே "எக்ஸ்ரே எடுத்தாச்சு" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உள்ளே பெரிய அளவில் ரத்தம் சேர்ந்திருந்தால் மண்டை ஓட்டைத் திறந்து அகற்றுவார்கள். ஆழமாகக் குழிந்த எலும்பைத் தூக்கி நிறுத்துவார்கள். மூக்கு, காது வழியாக மூளை நீர் கசிவது பெரும்பாலும் சில நாட்களில் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும். கசிவை அடைக்க அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வலிப்பு, காது கேளாமை, முகம் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவையும் சிலருக்கு வரும் பின்விளைவுகள்.

நீர் கசிவு உள்ளவர் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்; மூக்கைச் சிந்தக் கூடாது; குனியக் கூடாது. தொழுகையில் ருகூவும் சுஜூதும் செய்ய முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ சைகையால் தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ரமலானில் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

செலவும் போலீஸ் பயமும்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம். மோட்டார் வாகனச் சட்டம் 134-அ பிரிவின்படி, உதவி செய்து கொண்டுவந்து சேர்ப்பவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. "கேஸ் ஆகிவிடும்" என்று தயங்கி நேரத்தை இழக்காதீர்கள்.

வருமுன் காப்போம்

ஜும்ஆவுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிவாசல்தானே என்று தொப்பியோடு மட்டும் வண்டி ஓட்டுகிறோம். தலையைக் காப்பது ஹெல்மெட்தான், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, வாரைப் பூட்டி அணியுங்கள். பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அது சட்டப்படி கட்டாயம். பின்னால் அமரும் பெண்கள் புர்கா, துப்பட்டா நுனி சக்கரத்தில் சிக்காதபடி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இழுத்துப் பின்பக்கமாக விழுந்தால் பின்மண்டையில்தான் அடிபடும்.

வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டால், மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஒரு நாள் முழுவதும் ஒருவர் கூடவே இருங்கள். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பெயரும் ஊரும் கேளுங்கள். பதில் தடுமாறினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக.