குதிகால் நாண் வலியும் அதன் சிகிச்சையும்

தணிக்கைக்காக நாம் செல்லும் சங்கங்களில், கணக்குப் பேச்சு முடிந்ததும் அங்கத்தினர்கள் தம் உடல் நோவுகளைச் சொல்வதுண்டு. குடியாத்தத்தில் தறி மிதிப்போரும், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்டிரும் அடிக்கடி கூறுவது, "குதிகால் நரம்பு இழுக்கிறது" என்பதாகும்.

உண்மையில் அது நரம்பன்று. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாண். உடலிலுள்ள நாண்களில் இதுவே மிகத் தடித்தது. காலையில் முதல் சில அடிகளில் விறைப்பு, நடக்க நடக்கச் சற்றுத் தளர்வு, மாலையில் மீண்டும் நோவு, விரலால் அமுக்கினால் வலி ஆகியன இதன் அடையாளங்கள். உள்ளங்காலில் குத்தும் குதிகால் வாதம் வேறு. ஓய்ந்திருந்த காலுக்குத் திடீரென வேலை கூடுவதே பெரும்பாலும் காரணம்.

வலி கண்டதும் பலர் பதினைந்து நாள் படுத்துவிடுகின்றனர். வலி தணிகிறது, நாணோ மேலும் வலுவிழக்கிறது. தறிக்குழியில் இறங்கிய வாரமே வலி திரும்ப, கூலி இருமுறை போகிறது. நாணுக்கு மருந்து அளவான சுமையே.

1998இல் ஸ்வீடன் நாட்டு வைத்தியர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை எளிது. படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி நின்று, நல்ல காலால் எழும்பி, வலியுள்ள காலால் குதிகாலை மெள்ளக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து இறக்கம் ஒரு சுற்று. முழங்காலை நீட்டி மூன்று சுற்று, சற்றே மடக்கி மூன்று சுற்று. நாளுக்கு இரு வேளை, 12 வாரம். தொடக்கத்தில் பாதியளவு செய்தாலும் குற்றமில்லை. வலி எலும்போடு ஒட்டிய இடத்தில் இருப்பின் படி வேண்டா; சமதரையில் செய்க. இத்தவணையில் தள்ளுபடி கிடையாது என்பதை மட்டும் எச்சரிக்கிறோம்!

பயிற்சியின்போது சிறிது வலிக்கும்; அஞ்ச வேண்டா. மறுநாள் காலை வலி மிகுந்திருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வலியும் ஒரு காவலே. வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டு, வலியுணர்வு அற்றதனாலேயே அவர்தம் கைகால்கள் புண்பட்டுச் சிதைகின்றன என்று கண்டார். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் ஆகையால் வைத்தியரைக் கேட்டே இப்பயிற்சியைத் தொடங்குக.

பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போல் தோன்றி, முன்காலில் எழும்ப இயலாமற் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுமாறு கேட்காதீர். அறும் அபாயம் உண்டு. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மாத்திரைகளாலும் இந்நாண் கெடக்கூடும். அவற்றை உண்ணும்போது வலி தோன்றினால் மாத்திரை கொடுத்தவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

வேலை நேரத்தில் நாணின் இழுப்பைக் குறைக்க, அரை அங்குலத் தடிப்பில் தோல் துண்டுகளை அடுக்கி, இரு செருப்பிலும் குதிகாலின் கீழ் வைக்கலாம். ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம்!