வட்டம் சுற்றுகிறதா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்து வீடுகளில், 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் காலத்துக் கணினிகள் இன்னும் இருக்கின்றன. எதைத் திறந்தாலும் நீல வட்டம் சுற்றினால் பிராசஸரைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தடை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் அதுவே சாட்சி. ரேம் 2 ஜிபிதான் என்றால், பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததுமே நிரம்பிவிடும். மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அது முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான்.

வைரஸாக இருக்காதா என்றால், இருக்கலாம். ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். சென்னை வெயிலும் காரணம்தான்: சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் ஃபேனில் படிந்த தூசியை நீக்குங்கள். ஆனால் அதிகாலையில் ஆன் செய்ததுமே இழுத்தால் வெயிலைப் பழிக்க முடியாது. ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாததை நிறுத்துங்கள். ஃபைல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு எஸ்எஸ்டி மாற்றுங்கள், முடிந்தால் ரேமும் கூட்டுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே, பழசுக்குச் செலவு வீண்தானே என்று கேட்கலாம். எடை குறைந்த லினக்ஸ் போட்டால், படிப்புக்கும் பில் கட்டவும் அதே கணினி போதும்.