ஒரே கப்பலில் இரண்டு வாசல்

குஜிலியம்பாறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. துவாக்குடி கேட்டரிங் கல்லூரியில் செமினாருக்குக் கப்பல் தலைப்பை நீயே கேட்டு வாங்கினாய் என்று அண்ணன் சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இந்தத் தொழிலைப் படிப்பாகவே எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பெரிய கப்பலில் சூட் என்ற சொகுசு அறையை எடுத்துவிட்டால், சின்ன சொகுசுக் கப்பலில் கிடைப்பதெல்லாம் அங்கேயே கிடைத்துவிடும், பிறகு எதற்குச் சின்னக் கப்பலுக்கு அவ்வளவு காசு என்று உன் தோழிகள் வாதாடுவதாக எழுதியிருக்கிறாய். பாதி சரியான வாதம்தான். மீதிப் பாதி எங்கே இடறுகிறது என்று எழுதுகிறேன். இரண்டு வகைக் கப்பலிலும் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் பழைய கதை ஒன்று, ஏனென்றால் இது புதுப் பிரச்சினை இல்லை. ரஜூலா என்ற பெயரை நம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் கேட்டிருப்பாய். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் கேபின் பயணிகள் கொஞ்சம் பேர். டெக் பயணிகள் ஆயிரக்கணக்கில். மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் டெக்கில் பாய் விரித்துப் படுத்துத்தான் கடலைக் கடந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குத் தனிச் சாப்பாட்டறை, தனி நடைபாதை. ஒரு கப்பலுக்குள் இரண்டு கப்பல் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அட்லாண்டிக்கைக் கடந்த வெள்ளைக்காரர்களின் கப்பல்களிலும் அதே கதைதான்.

ஜெட் விமானம் வந்து கப்பல் பயணியை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது உல்லாசப் பயணம். 1966-ல் நார்வீஜியன், 1968-ல் ராயல் கரீபியன், 1972-ல் கார்னிவல் என்று இன்றைய பெரிய கம்பெனிகள் தொடங்கின. வகுப்புப் பிரிவினையை அவை கைவிட்டன. அறை சின்னதாகவோ பெரியதாகவோ இருக்கலாம். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், நாடகம் எல்லாம் எல்லோருக்கும் பொது. காசு உள்ளவர் கூடுதலாகக் கொடுத்தது அறையின் சதுர அடிக்கு மட்டும்தான். கியூனார்டு மட்டும் பழைய வழக்கத்தை முழுதாக விடவில்லை. இன்றும் குயின் மேரி 2 கப்பலில் உன் அறை எதுவோ, அதை வைத்துத்தான் நீ பிரிட்டானியாவில் சாப்பிடுகிறாயா, பிரின்சஸ் கிரில்லிலா, குயின்ஸ் கிரில்லிலா என்று முடிவாகும்.

கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, பழைய அந்தத் தனி வாசல் மறுபடி முளைத்தது. 2008-ல் எம்எஸ்சி ஃபான்டேசியாவில் யாட் கிளப் வந்தது: முன்பக்கத்து மேல் தளங்களில் தனி லவுஞ்ச், தனி ரெஸ்டாரண்ட், தனிக் குளம், இருபத்துநாலு மணி நேரமும் பட்லர். நார்வீஜியனில் அதற்குப் பெயர் ஹேவன். ராயல் கரீபியன் 2016-ல் சூட்களையே சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று படியாகப் பிரித்தது. ஸ்டார் படியில் இருப்பவருக்கு ராயல் ஜீனி என்று ஓர் ஆள், எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொடுக்க. 2018-ல் செலிப்ரிட்டி எட்ஜில் ரிட்ரீட் வந்தது. பெயர்கள் வேறு, அமைப்பு ஒன்றுதான்: கீகார்டு வைத்தால் திறக்கும் ஒரு கதவு, அதற்குப் பின்னால் வேறு உலகம்.

சொகுசுக் கம்பெனிகள் என்று நாம் சொல்லும் சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட், கிறிஸ்டல் ஆகியவை அந்தக் கதவையே வைக்காதவை. 1994-ல் தொடங்கிய சில்வர்சீயில் எல்லா அறையும் சூட். ஒவ்வொரு சூட்டுக்கும் பட்லர் சேவை உண்டு. சின்ன அறைக்காரரும் பெரிய அறைக்காரரும் ஒரே மேஜையில் அடுத்தடுத்து உட்காரலாம்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள். ஆயிரம் பேருக்கு இலை போடும் மண்டபத்தில் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் மாடியில் ஏசி அறையில் தனிப் பந்தி போடுகிறார்கள். அங்கே பரிமாறுபவர் பொறுமையாகப் பரிமாறுவார், கேட்டது கேட்டபடி வரும். ஆனால் அவர்களும் அதே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும், அதே நெரிசலில்தான் வண்டி எடுக்க வேண்டும். இன்னொரு கல்யாணம் வீட்டிலேயே நடக்கிறது, அறுபது பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லா இலையும் ஒரே மாதிரி. மண்டபத்தின் மாடி அறையும் அந்த வீட்டுப் பந்தியும் ஒன்றா? சாப்பாட்டு நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றில்லை. உன் செமினாரின் உயிர் இதில்தான் இருக்கிறது. கப்பலில் விருந்தாளி அந்தக் கீகார்டு கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் கழிப்பார் என்று கேள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

இதை எண்ணில் காட்ட ஒரு வழி சொல்லித் தருகிறேன். கப்பலின் கிராஸ் டன்னேஜ் என்பது எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதை வைத்துப் போடும் கணக்கு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். பயணிகளை எப்போதும் அறைக்கு இருவர் என்று எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஒப்பீடு குழம்பும். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா எம்பிரஸ் இருக்கிறதே, அது 1990-ல் ராயல் கரீபியனுக்காக நார்டிக் எம்பிரஸ் என்று கட்டப்பட்டது. 48,563 டன், ஏறத்தாழ 1,600 பயணிகள். தலைக்கு 30. அதைவிடச் சற்றே பெரிய ரீஜென்டின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 55,254 டன். பயணிகள் 750 பேர்தான். தலைக்கு 74. ஏறக்குறைய ஒரே அளவு கப்பல், பாதிக்கும் குறைவான ஆட்கள்! செமினாரின் முதல் படமாக இந்த இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. கேட்பவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன், 5,610 பயணிகள், தலைக்கு 44. பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை ஏறலாம் என்பதையும் மறக்காதே. அதன் ஊழியர்கள் 2,350 பேர், அதாவது 2.4 பயணிக்கு ஓர் ஊழியர். சில்வர்சீயின் சில்வர் மியூசில் 596 பயணிக்கு 411 ஊழியர்; ஒன்றரைப் பயணிக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்.

உன் தோழிகள் இங்கே ஒரு நியாயமான மறுப்பு சொல்லலாம். இவையெல்லாம் முழுக் கப்பலின் சராசரி. யாட் கிளப்புக்குள்ளோ ஹேவனுக்குள்ளோ ஊழியர் விகிதம் இதைவிட மிக நன்றாக இருக்கும். உண்மைதான், அதை ஒப்புக்கொண்டே பேசு. அறையை மட்டும் எடுத்தால் பெரிய கப்பல் பல நேரம் ஜெயித்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல். ஒயாசிஸ் வகைக் கப்பல்களின் ராயல் லாஃப்ட் சூட் இரண்டு தளம், 1,500 சதுர அடிக்கு மேல், உள்ளே ஒரு பியானோ. ஐகானில் மூன்று மாடி வீடே இருக்கிறது, பிள்ளைகள் இறங்க உள்ளேயே சறுக்குமரத்தோடு. சீபோர்னின் சாதாரண சூட் பால்கனி நீங்கலாக முந்நூறு சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும். பெரிய அறைதான் சொகுசு என்று நினைப்பவருக்குச் சின்னக் கப்பல் ஏமாற்றம் தரும். அவரை அங்கே அனுப்பாதே.

கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார். ஐந்தாயிரம் பேர் இறங்கும் துறைமுகத்தில் சூட் பயணியை முன்னால் இறக்கிவிடுவார்கள். இறங்கிய பிறகு கடைத்தெருவும் கோயிலும் கடற்கரையும் மற்ற எல்லோரோடும் பங்குதான். ஆழமில்லாத துறையில் டெண்டர் படகில் கரை சேர வேண்டிய நாளில், அறுநூறு பேர் கொண்ட கப்பல் காலைச் சாப்பாடு முடிவதற்குள் காலியாகிவிடும். பல சின்ன ஊர்களுக்குப் பெரிய கப்பல் போகவே முடியாது. ஆனால் சொகுசுக் கப்பல் எல்லாமே எங்கும் நுழைந்துவிடும் என்றும் எழுதிவிடாதே. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை வெனிஸின் ஜியுதெக்கா கால்வாயில் இத்தாலி அனுமதிப்பதில்லை. சில்வர் மியூசும் அந்தக் கணக்கில் வெளியேதான் நிற்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை வைத்து ஒப்பிடாதே. பல பெரிய கப்பல்களில் தினப்படி டிப்ஸ் தனி. சூட்டுக்கு அந்தத் தொகையும் கூடுதல். குடிபானம், இன்டர்நெட், கரைச்சுற்றுலா எது சேர்த்தி, எது தனி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரீஜென்ட் பெரும்பாலான கரைச்சுற்றுலாக்களையும் கட்டணத்திலேயே அடக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி, ஓர் இரவுக்கு ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்த பிறகு பேசு. சில வழித்தடங்களில் பெரிய கப்பலின் உச்சி சூட், சொகுசுக் கப்பலின் சாதாரண சூட்டைவிட விலை கூடிவிடும். வகுப்பில் இதைக் கேட்டால் வியப்பார்கள்.

அப்படியானால் யாருக்கு எது? தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகிறார்கள். பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்கு வேண்டும், பாட்டிக்கு அமைதி வேண்டும். என்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பெரிய கப்பல் சூட் என்பேன். சின்னக் கப்பலில் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் நாளே சலித்துப்போவார்கள். ஊர்களைப் பார்க்கப் போகிற, கூட்டம் பிடிக்காத, இரவு பாட்டுச் சத்தத்தைவிட நல்ல பேச்சை விரும்புகிற தம்பதிக்கு யாட் கிளப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தீவுக்குள் அடைபட்ட சுகம்தான். கதவைத் தாண்டி லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே அவர்கள் முகம் சுருங்கிவிடும். அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் சொந்த மனது சின்னக் கப்பல் பக்கம்தான் சாயும் என்பதையும் மறைக்கவில்லை: அறையின் விலையை வைத்து ஒரு மனிதனைக் கதவில் நிறுத்தும் வேலை அங்கே எந்த ஊழியருக்கும் இல்லை.

முதலாளிகள் யார் என்பதையும் சேர். சீபோர்ன் கார்னிவல் குழுமத்துடையது. ரீஜென்டை நார்வீஜியன் குழுமம் 2014-ல் வாங்கியது. சில்வர்சீயின் பெரும்பங்கை ராயல் கரீபியன் 2018-லும் மீதியை 2020-லும் வாங்கியது. எம்எஸ்சி குழுமம் எக்ஸ்ப்ளோரா என்ற சொகுசுக் கம்பெனியையே தொடங்கி, 2023-ல் அதன் முதல் கப்பலை ஓட்டியது. ஒரே முதலாளி இரண்டு கடையையும் நடத்துகிறார் என்றால், இரண்டுக்கும் வேறு வேறு வாடிக்கையாளர் இருக்கிறார் என்று அவர்களே நம்புகிறார்கள் என்றுதான் பொருள். முதலாளி சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிறிஸ்டலைப் பார். தாய்க் கம்பெனி ஜென்டிங் ஹாங்காங் 2022-ல் சரிந்தபோது அதுவும் நின்றுபோனது. வேறு கை மாறி 2023-ல்தான் மறுபடி ஓடியது.

இனி உன் வேலை விஷயம். கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாலும், நீ உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குத் தெரியும். பெரிய கப்பலில் தொடங்கு. அங்கே வேலை இடம் அதிகம், துறைகள் அதிகம், பயிற்சி முறையாக நடக்கும். சாதாரண கேபினில் வேகம் பழகி, பிறகு சூட் பகுதிக்கு ஏறலாம். சொகுசுக் கப்பலில் வேகம் போதாது, நினைவு வேண்டும். வருடா வருடம் திரும்பி வரும் விருந்தாளிக்குத் தலையணை எப்படி இருக்க வேண்டும், காலைக் காபி எத்தனை மணிக்கு என்பது நீ கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து அடுக்குவது, ஷூ பாலிஷ் போடுவது, அறையிலேயே இரவுச் சாப்பாட்டை ஒவ்வொரு கோர்ஸாகப் பரிமாறுவது என்று பட்லர் வேலை பொறுமையின் வேலை. அனுபவத்தோடு போனால் மதிப்பார்கள்.

எந்தக் கப்பலானாலும் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் உனக்குக் காவல். 2006-ல் உருவாகி 2013-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி ஓய்வு நேரத்தைக் கொண்டு கணக்கிடும்போது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கொடுத்தாக வேண்டும். காண்ட்ராக்டைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொள்.

அண்ணனிடம் ஓர் ஏஜென்ட் லட்சக்கணக்கில் பணம் கேட்டிருக்கிறாராம். ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று சொல். வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. மருத்துவச் சான்று, சிடிசி என்ற கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு உன்னுடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு, மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங் கொடுத்த ஆர்பிஎஸ்எல் என்ற ஆளெடுப்பு உரிமம் இருக்கிறதா, அது காலாவதி ஆகவில்லையா என்று டிஜி ஷிப்பிங் தளத்திலேயே பார்க்கலாம். எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படியான அடிப்படைப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது நியாயமானது. தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி எல்லாம் அதில் கற்றுத் தருவார்கள். அந்தப் பயிற்சியையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும்.

அந்த ஏஜென்ட் கொடுத்த தாளின் நகலைப் பாளையம் பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. செமினார் வரைவையும் கூட வை. உரிம எண்ணை நான் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் சித்தப்பா