லாக் அச்சில் டிக் கோடுகள் சொதப்பினால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சாதாரண அச்சில் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. லாக் அச்சில் அப்படியில்லை. ஒரு பத்தடுக்கின் அகலத்தில் 1-க்கும் 2-க்கும் நடுவே மட்டும் 30 விழுக்காடு போய்விடும். 9-க்கும் 10-க்கும் நடுவே 5 விழுக்காடுகூட மிஞ்சாது. இப்படிப் போகப்போக நெருங்கும் சின்னக் கோடுகளைப் பார்த்ததும்தான் இது லாக் அச்சு என்று கண் பிடித்துக்கொள்கிறது.

பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் டிக் வேலையை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கோடு எங்கே விழ வேண்டும் என்பது லொகேட்டரின் பொறுப்பு. அதன் அருகே என்ன எழுதுவது என்பது ஃபார்மேட்டரின் பொறுப்பு. நீளம், தடிமன், நிறம் எல்லாம் டிக் பேராம்ஸ் கட்டளையின் கையில். ஒருவர் வேலையை இன்னொருவரிடம் கேட்பதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன.

உதாரணத்துக்கு, நியூட்டன் முறையில் √2 காண்பதை எடுத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கினால் பிழை 4.1×10⁻¹, 8.6×10⁻², 2.5×10⁻³, 2.1×10⁻⁶, 1.6×10⁻¹² என்று சரியும். நாலே படியில் கிட்டத்தட்ட பன்னிரண்டு பத்தடுக்கு. இதை லாக் அச்சில் போட்டால் டிக் தொல்லைகள் வரிசையாகத் தலைகாட்டும்.

செய்ய வேண்டியவை

1. எது கெட்டிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கோடே இல்லையென்றால் லொகேட்டர். கோடு இருந்து எண் மட்டும் தப்பாக இருந்தால் ஃபார்மேட்டர். இரண்டும் சரியாக இருந்து பார்க்க நன்றாக இல்லையென்றால் டிக் பேராம்ஸ்.

2. அச்சை லாக் ஆக்கிவிட்டு மற்றதைத் தொடுங்கள். 'செட் ஒய்ஸ்கேல்' கட்டளை ஓடியதும் அந்த அச்சின் லொகேட்டரும் ஃபார்மேட்டரும் புதிதாக அமர்ந்துவிடும். அதற்கு முன்பு நீங்கள் செய்து வைத்த அமைப்பெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும்.

3. மைனர் டிக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிக் பேராம்ஸ் கட்டளை, வேறு சொல்லாதவரை, மேஜர் டிக்குகளை மட்டுமே மாற்றும். நிறத்தை மாற்றியும் சின்னக் கோடுகள் கறுப்பாகவே நின்றால் காரணம் இதுதான். 'விச்' என்ற அளவுருவுக்கு 'போத்' என்று கொடுங்கள். நீளத்தை மட்டும் தனித்தனியே கொடுப்பது நல்லது. இயல்பாக மேஜர் 3.5 பாயிண்ட், மைனர் 2 பாயிண்ட். காகிதத்தில் அச்சிட்டால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 6, 3 என்று வைத்தால் எடுப்பாக இருக்கும்.

4. வீச்சு பெரிதானால் 'நம்டிக்ஸ்' மதிப்பை உயர்த்துங்கள். நம் √2 படத்தில் மேஜர் டிக் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், மைனர் டிக் மொத்தமாகக் காணாமல் போகும். நெரிசலைத் தவிர்க்க லாக் லொகேட்டர் தானே எடுக்கும் முடிவு அது. நம்டிக்ஸுக்கு 99 என்று கொடுத்தால் எல்லா அடுக்கும் திரும்பி வரும்.

5. வீச்சு ஒரு பத்தடுக்குக்குள் அடங்கினால் மைனர் எழுத்தைக் கவனியுங்கள். 20 முதல் 90 வரையுள்ள அச்சில் 20, 50 என்று நீங்களே டிக் வைத்தாலும், நடுவில் 3×10¹, 4×10¹ என்று அழையா விருந்தாளிகள் வந்து உட்காருவார்கள். அவை மைனர் ஃபார்மேட்டர் எழுதுபவை. அந்த இடத்தில் 'நல் ஃபார்மேட்டர்' வைத்தால் கோடு நிற்கும், எழுத்து போய்விடும்.

6. ரூபாய்க் கணக்கு என்றால் நம் வழக்கப்படி எழுதுங்கள். 10⁵ என்பதைவிட 'லட்சம்', 10⁷ என்பதைவிட 'கோடி' சட்டென்று புரியும். ஃபங்க் ஃபார்மேட்டரில் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதினால் போதும். பைத்தானின் சாதாரணக் காற்புள்ளி 100,000 என்றுதான் போடும். 1,00,000 வேண்டுமென்றால் அதையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

7. அச்சாகப்போகும் அளவிலேயே படத்தை உருவாக்குங்கள். இயல்பான 6.4 அங்குல அகலப் படத்தைப் பாதியாகச் சுருக்கினால் 0.6 பாயிண்ட் மைனர் கோடு 0.3 ஆகி, காகிதத்தில் மங்கிவிடும்.

செய்யக்கூடாதவை

1. எழுத்துகளை மட்டும் கையால் ஒட்டாதீர்கள். டிக் இடத்தை நிலைப்படுத்தாமல் லேபிளை மட்டும் மாற்றினால், எல்லை மாறும்போது 100 இருக்க வேண்டிய இடத்தில் 10 என்று நிற்கும். படம் அழகாகவே இருக்கும், சொல்வது பொய்யாக இருக்கும்.

2. தரவுக்கு நீங்களே லாக் எடுத்துச் சாதாரண அச்சில் போட்டுவிட்டு, பிறகு டிக்கை ஒப்பேற்றாதீர்கள். அங்கே மைனர் கோடுகள் சம இடைவெளியில் விழும். எந்த அலங்காரமும் அதைத் திருத்தாது.

3. எல்லையில் சுழியைக் கொடுக்காதீர்கள். லாக் அச்சில் சுழிக்கு இடமே கிடையாது. மேட்பிளாட்லிப் எச்சரித்துவிட்டு அதைப் புறக்கணிக்கும். நியூட்டன் முறையில் இன்னொரு படி போனால் கணினியின் கணக்கில் பிழை முழுச் சுழியாகவே ஆகக்கூடும். அதை மறைக்க 10⁻³⁰ என்று எதையாவது கூட்டினால் அச்சு வீணாக நீளும். அந்தப் படியை விட்டுவிட்டுப் படக்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். எதிர்மறை எண்களும் கலந்திருந்தால் 'சிம்லாக்' அளவுக்குப் போங்கள்.

4. இடமில்லாத இடத்தில் மைனர் டிக்கைத் திணிக்காதீர்கள். 4.8 அங்குல உயரப் படத்தில் பன்னிரண்டு அடுக்கு என்றால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 பாயிண்ட் கிடைக்கும். அதில் 9-க்கும் 10-க்கும் நடுவே ஒரு பாயிண்ட்கூடத் தேறாது. கோட்டின் தடிமனே 0.6. எட்டுச் சின்னக் கோடுகளுக்குப் பதில் 2, 5 இரண்டை மட்டும் வையுங்கள். நெருக்கம் மாறும் விதம் அப்போதும் தெரியும்.

5. மைனர் கட்டக்கோடுகளை மேஜர் அளவுக்கு அழுத்தமாகப் போடாதீர்கள். தரவு அதற்குள் மறைந்துவிடும்.

6. ஒரு மென்பொருளின் பழக்கத்தை இன்னொன்றில் நம்பாதீர்கள். மேட்லாபில் 'ஹோல்ட் ஆன்' முதலில் கொடுத்துவிட்டு 'லாக்லாக்' அழைத்தால் அச்சு சாதாரணமாகவே நின்றுவிடும்; வரிசையை மாற்ற வேண்டும். மேத்தமேட்டிக்காவின் லாக் பிளாட் உள்ளுக்குள் இயல் மடக்கையில் கணக்கு வைத்திருக்கும். அங்கே 'எபிலாக்' மூலம் 100 என்ற உயரத்தில் நீங்களே ஒரு கோடு வரைவதானால் 4.605 என்று கொடுக்க வேண்டும். 2 என்று கொடுத்தால் கோடு 7.4-இல் போய் நிற்கும்.